இடமிருந்து இரண்டாவது ஆள்

இவானொவோ
9 நவம்பர் 1931

மதிப்புக்குரிய ஓவியர் மத்வேய் இலியிச் அவர்களுக்கு,

சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிய கோபம் இருக்கிறது.

பயிற்சி முகாமுக்காக லெனின்கிராட் வந்திருந்த ஜூலை மாதம், பதினொரு நாள் உங்கள் அறையில் கால் மரத்துப்போக நின்றேன். பயிற்சி முடிந்த வியர்வையோடு ஓடிவந்து நின்றேன். பக்கத்தில் என் தம்பி திகோன், உங்கள் ஊர் லேத் பட்டறையில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வந்து நின்றான். "அசையாதே! அசையாதே!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தாள். ஓவியம் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டோம்.

விடுமுறைக்கு எங்கள் ஆலைப் பெண்கள் ஆறு பேரைப் பெருமையாக லெனின்கிராட் கூட்டிவந்து கண்காட்சியில் நிறுத்தினால், ஓவியத்தில் இருக்கும் நான்கு பேருக்கும் முகமே இல்லை! ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை, கழுத்துக்கு மேலே முட்டை மாதிரி வழுவழுவென்று, வேறு ஒன்றுமில்லை. நியூஷா கேட்டாள்: "ஏண்டி, இதுல நீ எது? இல்ல, கோழி இன்னும் அடைகாக்குதா?" அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. நெசவாலையில் நூற்றி இருபது தறிக்கு நடுவே எங்களுக்கு யாரும் முகம் பார்ப்பதில்லை. ஓவியர் ஒருத்தர் பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

திகோனுக்கு ரோஷமே கிடையாது. "விடுக்கா. கோல் கீப்பருக்கு மூஞ்சி இல்லாம இருக்கிறதுதான் நல்லது. பந்து பட்டா பல்லு போகாது" என்கிறான். அவன் உங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தமாட்டான் என்று தெரியும். நான் இனி வரமாட்டேன்.

அக்லாயா பஹோமோவா

லெனின்கிராட்
23 நவம்பர் 1931

அன்புள்ள அக்லாயா,

நீ திட்டியது குறைவு. பத்திரிகைக்காரர்கள் நன்றாகவே திட்டியிருக்கிறார்கள். ஒருவர் என்னை மூளைக் காய்ச்சல் வந்தவன் என்று எழுதியிருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் இதுகூட ஒரு இளமைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

முகம் ஏன் வைக்கவில்லை? உண்மையைச் சொல்கிறேன். முகத்தை வைத்தால் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அழகா, கோணலா, யார் வீட்டுப் பெண் என்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நீ தடை தாண்டும்போது மைதானத்தில் நான் பார்த்தது முகத்தை இல்லை. ஒரு சிவப்புக் கோடு எழும்பி இறங்கியது. அதை மட்டும் போட ஆசைப்பட்டேன். உன்னை அவமானப்படுத்த இல்லை, சத்தியமாக.

நேற்று ஞாயிறு. திகோன் வந்தான், என் ஸ்டவ்வைப் பிரித்துச் சரிசெய்தான், முட்டைக்கோஸ் சூப்பில் பாதியைக் காலி செய்தான், சதுரங்கத்தில் என்னை மூன்று முறை தோற்கடித்தான். "அக்கா ஒங்கள மன்னிக்கமாட்டா. அவ கோவம் கம்பளிக் கோட்டு மாதிரி, வெயில் காலத்துலயும் கழட்டமாட்டா" என்றான்.

கழற்று. வசந்தத்தில் வா, உன் முகத்தை வரைந்து தருகிறேன். திகோனுடையதையும் வரைகிறேன். அவனுக்கு என்ன அவசரம், வாராவாரம் என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறானே.

மத்வேய் இலியிச்

இவானொவோ
25 பிப்ரவரி 1936

மத்வேய் இலியிச்,

நான்கு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். தபாலில் போடவில்லை. நியூஷா போட்டிக்காக அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் கணவன் குஸ்மா லெனின்கிராட் ரயிலில் கண்டக்டர். இனி உங்கள் பதிலையும் அவனிடமே கொடுங்கள். அதனால் எதையும் மூடி மறைக்காமல் எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில் ரகசியப் போலீஸார் திகோனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செய்தியை நீங்கள் எழுதுவீர்கள் என்று நினைத்திருந்தேன். அவனுடைய பக்கத்து அறைக்காரிதான் எழுதினாள். ஐந்து வருஷத் தண்டனை, வடக்கே மரம் வெட்டும் முகாம். ஒவ்வொரு மாதமும் பார்சல் அனுப்பினோம். போன வெள்ளிக்கிழமை ஒரு பார்சல் திரும்பி வந்தது. காலுறை, பன்றிக் கொழுப்பு, வெங்காயம், எதையும் பிரிக்கவில்லை. மேலே ஒரு துண்டுச் சீட்டு. பிப்ரவரி இரண்டாம் தேதி, நுரையீரல் காய்ச்சல். அவ்வளவுதான். எங்கே புதைத்தார்கள் என்று இல்லை.

அம்மா அழவில்லை. விரல் விட்டு எண்ணினாள். "மார்ச் பன்னெண்டு நாப்பதாம் நாள்" என்றாள். நாற்பதாம் நாள் இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரு கிளாஸ் வோட்கா வைத்து, அதன்மேல் ஒரு துண்டு ரொட்டியை வைப்போம், உங்களுக்குத் தெரியும். அதற்குப் படம் வேண்டும். எங்களிடம் இருந்த படங்கள் வீடு மாறியபோது தொலைந்துவிட்டன.

அம்மா சொல்கிறாள்: "சுவத்துக்கு முன்னாடி வெச்சா அவன் எப்படி வருவான்? யாருக்கோ வெச்சிருக்குன்னு போயிடுவானே."

உங்களைப் போல அவனை உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. பதினொரு நாள் நிறுத்திப் பார்த்தீர்கள், பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். அவன் முகத்தை வரைந்து அனுப்புங்கள். பெரிதாக வேண்டாம், உள்ளங்கை அளவு போதும். பன்னிரண்டாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் கேட்பேன்?

அக்லாயா

லெனின்கிராட்
28 பிப்ரவரி 1936

அக்லாயா, என் கண்ணே,

நியூஷா கடிதத்தைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தேநீர் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளே ஸ்டவ்வைப் பற்றவைத்து எனக்குக் கொடுத்தாள்.

மார்ச்சில் நான் எழுதியிருக்க வேண்டும். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். பயம்தான், வேறென்ன. கிழவனுக்குப் பயம் அதிகம்.

மூன்று படங்கள் அனுப்புகிறேன். இரண்டு நாளாக இதே வேலை. உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுடைய இடது தோள் வலதைவிட ஒரு விரற்கடை இறங்கியிருக்கும், எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவன் முழங்காலைத் தொட்டுச் சொல்லிவிடுவேன். கையைத் தொங்கவிட்டால் நடுவிரல் தொடையில் எங்கே முடியும் என்றுகூடத் தெரியும். கண் என்ன நிறம் என்று கேட்டால் விழிக்கிறேன். சாம்பலா, பச்சையா? மூன்று வருஷத்துக்கு மேல் என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவன்! நான் சதுரங்கப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவனைப் பார்க்கவில்லை.

எது தவறு என்று எழுது, திருத்துகிறேன். அந்தப் பெரிய ஓவியம் என்னிடம் இல்லை, எங்கோ கிடங்கில் இருக்கிறது. இருந்தாலும் அதனால் உனக்கு என்ன உபயோகம்.

மத்வேய்

இவானொவோ
2 மார்ச் 1936

மத்வேய் இலியிச்,

படங்கள் வந்தன. முதலாவது தபால் அலுவலக குமாஸ்தா மாதிரி இருக்கிறது. இரண்டாவதைப் பார்த்து அம்மா, "இது யாரு வீட்டுப் புள்ள? பாவம், சாப்பிட்டானா?" என்று கேட்டாள். மூன்றாவதில் மட்டும் காது சரியாக இருக்கிறது.

கண் சாம்பல் நிறம். வலது புருவத்தில் ஒரு வெட்டு, சின்ன வயதில் பனிச்சறுக்கு வண்டியில் விழுந்தது. மூக்கு இவ்வளவு கூர்மை இல்லை. சிரிக்கும்போது வாய் இடது பக்கம்தான் முதலில் போகும். தாடை அகலம். இன்னும் அகலம்.

இனி வேறு விஷயம். நியூஷா நேற்று திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஓவியம் கிடங்கில் இல்லை. உங்கள் கட்டிலுக்குப் பின்னால் சுவர் பார்த்து நிற்கிறது. நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவள் திருப்பிப் பார்த்திருக்கிறாள். "அடியே, இப்ப அதுல எல்லாருக்கும் மூஞ்சி இருக்குடி! ஒன் தம்பி எடத்துல ஒருத்தன் நிக்கிறான், மஞ்ச முடி, பத்திரிகை அட்டையில வர்ற மாதிரி பல்லக் காட்டிக்கிட்டு" என்றாள்.

என் தம்பியின் தோளுக்கு மேல் யாருடைய தலை அது? எனக்குச் சொல்லுங்கள். முகம் இல்லையே என்று நான் கோபப்பட்டபோது கலை என்றீர்கள், சிவப்புக் கோடு என்றீர்கள். அப்புறம் எவனோ ஒருவனுக்கு முகம் வைக்க உங்கள் கை எப்படி வந்தது? கிடங்கு என்று என்னிடம் பொய் சொல்ல எப்படி மனசு வந்தது?

புருவ வெட்டை மறக்காதீர்கள். வலது பக்கம்.

அக்லாயா

லெனின்கிராட்
5 மார்ச் 1936

அக்லாயா,

கேள். ஒளிக்க இனி ஒன்றும் இல்லை.

போன ஏப்ரலில் அரசாங்கக் குழு ஒன்று ஓவியங்கள் வாங்க வந்தது. எனக்கு இரண்டு வருஷமாக ஒரு வேலையும் இல்லை, ஓவியம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் வந்தார்கள். தோல் கோட்டுப் போட்டவர் படத்தின் முன்னால் நின்று விரல் நீட்டினார். "இடமிருந்து ரெண்டாவது ஆள் யாரு? மாடல் யாரு?" என்றார். திகோனைக் கூட்டிப்போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை.

"யாரும் இல்லீங்க. சும்மா, பொதுவா ஒரு விளையாட்டுக்காரன்" என்றேன்.

"பொதுவான ஆளுக்கும் மூஞ்சி இருக்கும் தோழரே. சோவியத் இளைஞனுக்கு மூஞ்சி இல்லியா? ரெண்டு வாரம் டைம் தர்றோம்."

அவர்கள் போனதும் பத்திரிகையிலிருந்து நான்கு தலைகளை எடுத்துப் போட்டேன். மற்ற மூன்றையும் அவர்களுக்காகப் போட்டேன். இரண்டாவதை எனக்காகப் போட்டேன். அது திகோன் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று போட்டேன். அவனுக்கு ஒட்டாத தலையாகத் தேடித் தேடி எடுத்தேன், மஞ்சள் முடி, நீலக்கண். இத்தனை செய்தும் அவர்கள் வாங்கவில்லை. முகமும் உடம்பும் ஒன்றுக்கொன்று பேசவில்லையாம். சரியாகத்தான் சொன்னார்கள்.

இப்போது தெரிந்ததா நான் எப்படிப்பட்டவன் என்று. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஐந்து படங்கள் அனுப்பியிருக்கிறேன். தாடை அகலம், புருவத்தில் வெட்டு, வாய் இடது பக்கம். கடைசிப் படத்தை முடித்து மேஜையில் வைத்ததும் ஒரு கணம் அவன்தான் என்று நினைத்துவிட்டேன்.

மத்வேய்

இவானொவோ
8 மார்ச் 1936

மத்வேய் இலியிச்,

இன்று மகளிர் தினம். ஆலையில் கூட்டம் போட்டு எனக்கு நான்கு மீட்டர் பூப்போட்ட துணி பரிசு கொடுத்தார்கள். தடை ஓட்டத்தில் நகரத்தின் பெருமையாம் நான். வீட்டுக்கு வந்து துணியை மூலையில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களைத் திட்ட உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏனென்றால் நானும் பொய் சொல்லியிருக்கிறேன். படங்கள் தொலையவில்லை.

மூன்று இருந்தன. குழுப்படம் ஒன்று, அம்மாவோடு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது ஒன்று, ஆலை அடையாளச் சீட்டுக்கு எடுத்தது ஒன்று. அவனைக் கூட்டிப்போன செய்தி வந்த வாரம் எங்கள் பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்தார். "ஜூன் கடைசில மாஸ்கோல விளையாட்டுக்காரங்க அணிவகுப்பு. ஒன் பேரு லிஸ்ட்ல இருக்கு. வீட்டுல தம்பி படம் கிடம் இருந்தா பாத்துக்கோ" என்றார். பார்த்துக்கொண்டேன். காலையில் அம்மா ரொட்டி வரிசைக்குப் போனதும் நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். அதுதான் சின்ன வட்டத்துக்குச் சரியாக வரும். முதல் இரண்டு படத்திலும் அவன் தலையை வெட்டி அடுப்பில் போட்டேன். அடையாளச் சீட்டுக்கு எடுத்த சின்னப் படத்தில் தலை போனால் மிச்சம் ஒன்றுமே இல்லை, அதை முழுதாகவே போட்டேன்.

அணிவகுப்பில் போனேன். நடந்தேன். சிரித்தேன். என் படம் பத்திரிகையில்கூட வந்தது.

மீதி இரண்டையும் பெட்டியின் அடியில் வைத்தேன். அம்மாவுக்குத் தெரியாது என்றே இருந்தேன். நேற்று உங்கள் ஐந்து படங்களையும் மேஜையில் பரப்பி வைத்தபோது அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். நாற்காலிப் படத்தைக் கொண்டுவந்து, அந்த ஓட்டைக்குப் பின்னால் உங்கள் படங்களை ஒவ்வொன்றாக வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை.

கடைசிப் படம் ஓட்டைக்குள் சரியாகப் பொருந்தியது. அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கான். ஆனா என் புள்ள இல்ல" என்றாள்.

எனக்கு வந்திருப்பது அதைவிட மோசம். இரண்டு வாரத்துக்கு முன்பு கண்ணை மூடினால் திகோன் வருவான். மங்கலாகத்தான், ஆனால் அவனே வருவான். நான் மூக்கு, தாடை, புருவம் என்று எழுத, நீங்கள் வரைய, நான் திருத்த, இப்போது கண்ணை மூடினால் உங்கள் பென்சில் படம்தான் வருகிறது. ஐந்தாவது படம். எத்தனை உதறினாலும் போகமாட்டேன் என்கிறது. படத்தில் இருந்ததை நான் வெட்டினேன். என்னிடம் மிச்சம் இருந்ததும் இப்போது போய்விட்டது. உங்கள் மேல் தப்பில்லை, நான்தான் கேட்டேன். ஆனால் போதும். இனி ஒரு கோடுகூடப் போடாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

எட்டுப் படங்களையும் திருப்பி அனுப்புகிறேன். அந்த மஞ்சள் முடிக்காரனைச் சுரண்டி எடுங்கள். முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே, வெறுமையாக வேண்டும். இரண்டாவது ஆளை மட்டும் அறுத்துச் சுருட்டி குஸ்மாவிடம் கொடுங்கள். குஸ்மா பத்தாம் தேதி மாலை அங்கிருந்து புறப்படுகிறான்.

அக்லாயா

லெனின்கிராட்
10 மார்ச் 1936

அக்லாயா,

குஸ்மா வாசலில் நிற்கிறான், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

மேல் பூச்சு இன்னும் முழுதாக இறுகவில்லை. ஒரு வருஷம்தானே. தட்டைக் கத்தியால் மெதுவாகச் சுரண்டினேன், பிறகு பஞ்சும் டர்பன்டைனும். கையைச் சும்மாவே வைத்திருக்க முடியாத எனக்கு, அந்த வெறும் இடம் வந்ததும் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நீ அறியமாட்டாய். புருவ வெட்டு எங்கே வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். பிரஷ்ஷைக் கீழ்வீட்டுக்காரியிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னேன். "ஒமக்குப் பைத்தியம் முத்திப்போச்சு மத்வேய் இலியிச்" என்று சொல்லிக்கொண்டே பூட்டினாள்.

துணியை அறுத்தபோது உன் கை அவன் பக்கம் கொஞ்சம் வந்துவிட்டது. வரைந்தபோது இருவரையும் நெருக்கித்தான் நிறுத்தியிருந்தேன். அதை வெட்டி எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே இருக்கட்டும்.

கத்தரிக்கோலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

மத்வேய்

இவானொவோ
13 மார்ச் 1936

அன்புள்ள மத்வேய் இலியிச்,

சுருள் நல்லபடியாக வந்து சேர்ந்தது. டர்பன்டைன் வாசனை போகவில்லை, பக்கத்து அறைக்காரர்கள் கேட்டால் ஜன்னலுக்குச் சாயம் அடிக்கிறோம் என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அறைக் கதவைத் தாழிட்டு, சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டினேன். அவன் கிட்டத்தட்ட அவன் உயரத்துக்கே நிற்கிறான். ஒரு கால் சிவப்பு, ஒரு கால் வெள்ளை.

அம்மாவிடம் அந்த ஓவியத்தைக் காட்ட எனக்குப் பயமாக இருந்தது. முகம் இல்லாத பிள்ளையை எந்தத் தாயிடம் காட்டுவது? அவள் படையலுக்காக, வேகவைத்த கோதுமையில் தேன் பிசைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் பாதத்தைப் பார்த்தாள். அப்புறம் முழங்கால், அப்புறம் கை. இறங்கியிருக்கும் அந்த இடது தோளுக்கு வந்ததும் அவள் கை தானாக எழுந்து அதைத் தொட்டது.

"வந்துட்டான்" என்றாள்.

"முகம் இல்லியேம்மா" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் கோபமாக. "நீ வெட்டுனதுதானே. அது எங்கிட்ட இருக்கு, நான் வெச்சுக்கறேன்."

வோட்கா கிளாஸை வைத்தோம். அதன்மேல் ரொட்டியை நான் வைத்தேன். எனக்கு அவன் முகம் இன்னும் வரவில்லை, மத்வேய் இலியிச். உங்கள் ஐந்தாவது படம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தினமும் இந்த வெறுமையைப் பார்த்தால் ஒரு நாள் திரும்பி வரும் என்று நினைக்கிறேன். வராமலும் போகலாம்.

அம்மா கோதுமையை மூன்று கிண்ணங்களில் போட்டாள். நாங்கள் உட்கார்ந்தோம். அவள் ஒரு வாய் எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டு, தலையைத் தூக்கி அவனைப் பார்த்து, திட்டுகிற மாதிரிச் சொன்னாள்: "எவ்ளோ நேரம்டா நிப்ப? காலு வலிக்கலியா ஒனக்கு? ஏய் அக்லாயா, மரம் மாதிரி உக்காந்திருக்கியே, தம்பிக்கு அந்த ஸ்டூல எடுத்துப் போடு."

எழுந்துபோய் ஸ்டூலை எடுத்துச் சுவரோரம் போட்டேன். அவன் போனதிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

உங்கள் அக்லாயா